தீர்ப்புச் சொல்லாத நடுவரிடம் எதற்குப் போக வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இது நான்காம் ஆண்டு. டென்யூர் (நிரந்தரப் பணி) முடிவுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள். துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் கடைசி நேரத்தில் என் பெயர் நான்காம் இடத்துக்குப் போய்விட்டது. பொதுக் கருவி அறையின் முன்பதிவும் அவர் கையில்தான். என் மாணவர்களுக்கு இரவு பதினொன்றுக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. துறைத் தலைவரோ அவருடைய பழைய மாணவர். வேலிக்கு ஓணான் சாட்சி. மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுக் கடிதத்தில் 'சக ஆசிரியர்களுடன் இணக்கம் கூட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஆசிரியர்களின் குறை கேட்பதற்கென்று இருக்கும் ஆம்புட்ஸைப் போய்ப் பார் என்கிறாள் தோழி. அவரும் இதே பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்குபவர். அந்த மூத்தவரோடு சனிக்கிழமை டென்னிஸ் ஆடுபவர் என்றும் கேள்வி. நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். மதுரையில் அப்பா, 'பொறுத்துப் போம்மா' என்கிறார். போகலாமா? — எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகலாம். ஆனால் போவதற்கு முன், உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரத்தைத் தேடி எடுத்து வையுங்கள்: அந்த மதிப்பீட்டுக் கடிதம் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது? எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் உலோகவியல் பேராசிரியராக இருந்து, ஓய்வுக்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கான ஆம்புட்ஸாக இருந்தவன். நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் வங்கிக் குறைதீர்ப்பாளர்தான் நினைவுக்கு வருவார். வங்கியைப் பணம் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு போடக்கூடியவர். பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் கொண்டுவந்த விதிகளின்படி இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் ஓர் ஆம்புட்ஸ்பர்சன் உண்டு. அவர் மாணவர்களின் முறையீட்டைக் கேட்பதற்காக வைக்கப்பட்டவர். ஆசிரியருக்கு அந்தக் கதவு இல்லை. உங்கள் வளாகத்தில் இருப்பவர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர். அவர் விசாரணை நடத்த மாட்டார். யார் பக்கம் நியாயம் என்று எழுதித் தர மாட்டார். துறைத் தலைவர் எடுத்த முடிவில் ஓர் எழுத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது. நாட்டாமையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆம்புட்ஸ் என்ற சொல் சுவீடனுடையது. 1809இல் அங்கே எழுதப்பட்ட அரசியலமைப்பின்படி, அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்க நாடாளுமன்றம் நியமித்தவர் அவர். வழக்குத் தொடரும் அளவுக்கு அவருக்குப் பல் இருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டிக் கல்வி வளாகங்களுக்கு வந்தபோது அந்தப் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 1965இல், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1967இல். மாணவர் போராட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். மாணவர்களுக்காகத்தான் தொடங்கினார்கள். பேராசிரியர்களும் அடித்துக்கொள்வார்கள் என்பது நிர்வாகங்களுக்குச் சற்றுத் தாமதமாக உறைத்தது போலும்.

பல் இல்லாதவரால் என்ன பயன் என்று கேட்பீர்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதுதான் பயன். டீனுக்கு நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் அன்றே அது கோப்பு ஆகிவிடும். மனிதவளப் பிரிவு வரும், பல்கலைக்கழக வக்கீல் வருவார், அந்த மூத்தவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். அதற்குப் பிறகு அவரே நினைத்தாலும் 'தவறுதான், திருத்திக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாது; வக்கீல் சொல்ல விட மாட்டார். ஆம்புட்ஸின் அறையில் சொல்வது கோப்பு ஆகாது. அதிகாரம் இல்லாத அவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதனால் எதிர்த்தரப்பும் அவரிடம் வாய் திறக்கிறது.

என் அறை, நூலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வரைபடக் காப்பகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நிர்வாகக் கட்டடத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வருபவர் எதற்காக வருகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு கதவுகள், ஒருவர் உள்ளே வரும் வழியில் இன்னொருவர் வெளியே போக மாட்டார். மேசை மேல் ஒரு மஞ்சள் காகிதக் கட்டு, ஒரு டிஷ்யூப் பெட்டி, மேசைக்கு அடியில் காகிதம் கிழிக்கும் எந்திரம். வந்தவர் போனதும் முதல் வேலை அந்த எந்திரத்துக்கு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இருவரின் சம்மதமும் பெற்றது, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு உயிரியல் பேராசிரியர்கள், ஒரு மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி. தன் மாதிரிகளை மூத்தவர் வேண்டுமென்றே இடம் மாற்றுகிறார் என்று இளையவர் இரண்டு ஆண்டுகளாகப் புழுங்கிக்கொண்டிருந்தார். பதினான்கு பக்கப் புகாரோடு வந்தார், அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று. படித்தேன். பிறகு, 'அடுத்த திங்கட்கிழமை நீங்கள் ஆய்வகத்துக்குள் நுழையும்போது என்ன மாறியிருந்தால் போதும்?' என்று கேட்டேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'என் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் போதும்' என்றார். அவர் அனுமதித்த பிறகு மூத்தவரிடம் பேசினேன். அவருக்கு விஷயமே தெரியாது. பருவத்துக்கு ஒருமுறை இருப்புக் கணக்கெடுக்கும் ஆய்வக உதவியாளர், பெயர் உரிந்துபோன பெட்டிகளை எல்லாம் அடித்தட்டுக்குத் தள்ளியிருக்கிறார். அந்தக் குளிரில் சாதாரண ஒட்டுநாடா நிற்காது. இரண்டு நிறத்தில் உறைபனிக்கான நாடா, கதவில் ஒரு பட்டியல், அவ்வளவுதான். பதினான்கு பக்கமும் எந்திரத்துக்குள் போயிற்று.

எல்லாம் இப்படி முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைப் போலவே ஓர் இளம் பேராசிரியர். அவருடைய மூத்தவர் என் மூன்று அழைப்புகளுக்கும் பதில் சொல்லவில்லை. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த எனக்கு வழியில்லை. கடைசியில் இளையவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். கையில் இருந்த ஆய்வு நிதியையும் இரண்டு மாணவர்களையும் எப்படித் தகராறில்லாமல் கூட்டிப் போவது என்று திட்டமிட மட்டும்தான் என்னால் உதவ முடிந்தது.

உங்கள் பிரச்சினைகளை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மூன்றும் மூன்று வகை.

முதலில் கட்டுரை. அமெரிக்கக் கூட்டரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த வரையறைப்படி ஆய்வு ஒழுங்கீனம் என்பது தரவைப் புனைவது, தரவைத் திரிப்பது, பிறர் எழுத்தையும் கருத்தையும் திருடுவது ஆகியவை. பெயர் வரிசைச் சண்டை அதில் அடங்காது. ஆகவே ஆய்வு நெறி அலுவலகத்துக்குப் போனால் இது எங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடும். ஆய்விதழுக்கு எழுதினாலும் உங்கள் நிறுவனத்துக்குள் பேசித் தீருங்கள் என்பதே வழக்கமான பதில். ஆக, இந்தச் சண்டைக்கு வளாகத்தில் மிஞ்சியிருக்கும் பொருத்தமான இடம் ஆம்புட்ஸின் அறைதான். கட்டுரை அச்சாகிவிட்டதா, இன்னும் திருத்தத்தில் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. திருத்தத்தில் இருந்தால் எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டு வரிசையை மாற்றலாம். அச்சாகிவிட்டால் வரிசைக்காக மல்லுக்கட்டுவதில் பயன் குறைவு. அப்போது வேறொன்றைக் கேளுங்கள்: எந்தச் சோதனையை வடிவமைத்தீர்கள், எந்தப் பகுதியை எழுதினீர்கள் என்று விளக்கும் ஒரு பத்தி, அவருடைய கையெழுத்தோடு, உங்கள் டென்யூர் கோப்புக்கு. வெளியிலிருந்து மதிப்பிடுபவர்கள் உங்கள் பங்கை அந்தப் பத்தியில் தெரிந்துகொள்வார்கள். அவருக்கும் முகம் கெடாது. இதைக் கேட்க ஆம்புட்ஸ் நல்ல தூதர்.

கருவி அறை இதைவிடச் சுலபம், உங்கள் பெயரே வெளியே வராமல் முடிக்கலாம். எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டையில் இருப்பது அன்று, பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருப்பது) 1973 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பணியில் இருந்த மேரி ரோ, ஆளைச் சுட்டாமல் பொதுவாகச் சரிசெய்யும் வழியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆம்புட்ஸ் டீனிடம் போய், 'பொதுக் கருவிகளுக்கு எழுத்தில் ஒரு விதி இல்லாததால் உரசல் வருகிறது என்று கேள்விப்படுகிறேன், கல்லூரி முழுவதற்கும் ஒன்று போடலாமே' என்பார். எந்தத் துறை, யார் சொன்னது என்று டீன் கேட்டாலும் பதில் கிடைக்காது. அதற்குள் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். போன மாத முன்பதிவுப் பட்டியலைப் பதிவிறக்கி, பகல் நேரத்தில் எந்தக் குழுவுக்கு எத்தனை மணிநேரம் கிடைத்தது என்று கூட்டுங்கள். 'எனக்கு நேரமே தருவதில்லை' என்பதை யாரும் மறுக்கலாம். பட்டியலை மறுப்பது கடினம். அந்தக் கருவி எந்த நிதியில் வாங்கப்பட்டது என்பதையும் பாருங்கள். 'என் கருவி' என்று அவர் சொல்வது பெரும்பாலும் பேச்சு வழக்குதான். சட்டப்படி அது பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றில் என்னை உறுத்துவது அந்த 'இணக்கம்' என்ற வரிதான். பெயர் வரிசையும் கருவி நேரமும் இன்றைய தொல்லை; இந்த வரி இரண்டு ஆண்டுகள் கழித்துத் தலை தூக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1999இலேயே, இணக்கத்தைத் தனி அளவுகோலாக வைத்து ஆசிரியரை மதிப்பிடக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டது. கற்பித்தல், ஆய்வு, சேவை ஆகியவற்றில் அது எங்கே குறைந்தது என்று காட்டினால் போதும், தனியாக ஒரு தராசு வேண்டாம் என்பது அதன் வாதம். சங்கத்தின் அறிக்கை உங்கள் பல்கலைக்கழகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஆசிரியர் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். மதிப்பீட்டுக்கு எழுத்தில் பதில் தர கையேடு இடம் தந்திருந்தால், அதற்குரிய நாள் கடப்பதற்குள் தந்துவிடுங்கள். கோபம் வேண்டாம், நான்கே வரிகள்: இது எந்தச் சந்தர்ப்பங்களைக் குறிக்கிறது, இன்னும் ஓராண்டில் எதைப் பார்த்தால் குறை தீர்ந்ததாகக் கொள்வீர்கள்? இந்த நான்கு வரிகளைத் திருத்தித் தருவதில் நல்ல ஆம்புட்ஸ் கைதேர்ந்தவராக இருப்பார். நானே இப்படி எத்தனையோ கடிதங்களில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லை அடித்திருக்கிறேன்.

இனி டென்னிஸ். உங்கள் சந்தேகத்தில் தவறில்லை. பல வளாகங்களில் ஆசிரியர்களுக்கான ஆம்புட்ஸ் என்பவர் அதே வளாகத்தின் மூத்த அல்லது ஓய்வுபெற்ற பேராசிரியர், பகுதிநேரமாகப் பார்ப்பவர். அதில் ஒரு வசதி, ஒரு வில்லங்கம். துறை எப்படி இயங்குகிறது என்று அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் எல்லாரும் அவருக்குப் பழக்கம். தொலைபேசியிலேயே, விவரம் எதுவும் சொல்வதற்கு முன், நேரடியாகக் கேளுங்கள்: 'எங்கள் துறையில் யாரோடாவது உங்களுக்கு நெருங்கிய நட்போ கூட்டு ஆய்வோ உண்டா? என் டென்யூர் கோப்பைப் பார்க்கும் எந்தக் குழுவிலாவது இருக்கிறீர்களா?' இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர் அந்த நாற்காலிக்குத் தகுதியானவர் அல்லர். என்னிடம் கேட்ட பலருக்கு நானே வேறு ஒருவரைக் கைகாட்டியிருக்கிறேன். மாற்று ஆம்புட்ஸோ அலுவலர்களுக்கான ஆம்புட்ஸோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் அலுவலகத்துக்கு எழுதப்பட்ட சாசனம் உண்டா, சர்வதேச ஆம்புட்ஸ் சங்கத்தின் நெறிகளைப் பின்பற்றுவதாக அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளம் பல்கலைக்கழகம் தருவதுதான், அதை மறைப்பதற்கில்லை. அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதே பார்க்க வேண்டியது. மனிதவளப் பிரிவுக்கோ டீனுக்கோ கீழே என்றால் நான் யோசிப்பேன்.

இன்னொன்று: அவர் உங்கள் வக்கீல் அல்லர். அந்த மூத்தவர் நாளை அதே கதவைத் தட்டினால் அவருக்கும் தேநீர் உண்டு. ஒருவேளை ஏற்கெனவே தட்டியிருக்கவும் கூடும்; அதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் பேசியே ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் மேலே தெரிவிக்கும் கடமை அவருக்கு உண்டா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீதிமன்றம் என்று வந்தால், வக்கீலிடம் பேசியதற்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கு இருக்கிறது என்று நம்ப வேண்டாம். 1997இல் மெக்டானல் டக்ளஸ் விமான நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், நிறுவன ஆம்புட்ஸிடம் பேசியதற்கு அப்படி ஒரு சிறப்புரிமை கிடையாது என்று கூட்டரசின் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மின்னசோட்டா, அயோவா, மிசூரி, நெப்ராஸ்கா எல்லாம் அதன் எல்லைக்குள் வருபவை. எங்களைப் போன்றவர்கள் எந்திரத்தை அத்தனை சுறுசுறுப்பாக ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தத் தேதி. ஆம்புட்ஸிடம் சொன்னது பல்கலைக்கழகத்திடம் சொன்னதாக ஆகாது. 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்று பின்னால் வாதாட முடியாது. அவரோடு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் மாதங்களில் எந்தக் கெடுவும் உங்களுக்காகக் காத்திருக்காது. உங்கள் கடிதத்தில் இனம், பிறந்த நாடு, பாலினம் என்ற சொற்கள் இல்லை. ஆனால் அப்படி ஒரு சந்தேகம் மனத்துக்குள் இருந்தால், கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் தர 180 நாட்கள்தான். மாநிலத்திலும் அதற்கான அமைப்பு இருந்தால் 300 நாட்கள். டெலவேர் ஸ்டேட் கல்லூரியில் ரிக்ஸ் என்ற லைபீரியப் பேராசிரியருக்கு 1974இல் டென்யூர் மறுக்கப்பட்டது. உள்ளேயே முறையீடு செய்தார், கடைசி ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலையும் பார்த்தார், 1975 ஏப்ரலில் ஆணையத்துக்குப் போனார். மறுப்பைத் தெரிவித்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, உள் முறையீடு நிலுவையில் இருந்ததால் அது நிற்காது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. ஆகவே, கடிதம் வந்த தேதியிலிருந்து கையேட்டின் கெடு எது, ஆணையத்தின் கெடு எது என்று எண்ணி நாட்காட்டியில் குறித்துவிட்டுப் பிறகு ஆம்புட்ஸுக்குத் தொலைபேசி எடுங்கள்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. எச்1பியில் வேலை முடிந்தால் பொதுவாக 60 நாட்கள் வரை அவகாசம் உண்டு. அதைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய டென்யூர் தடத்து ஆசிரியருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் பன்னிரண்டு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது பேராசிரியர் சங்கத்தின் நெறி. பல பல்கலைக்கழகங்களின் கையேட்டிலும் இது இருக்கிறது. உங்களுடையதில் இருந்தால், அடுத்த மாதமே பெட்டி கட்ட வேண்டியிருக்குமோ என்று இரவில் விழித்திருக்க வேண்டாம். ஒரு மணிநேரக் கட்டணம் கொடுத்து உங்களுக்கென்று ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் வக்கீல் பல்கலைக்கழகத்துக்குத்தான் வக்கீல்.

அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் வேலை பார்த்த இடத்தில் பொறுத்துப் போவதற்கும் சண்டை போடுவதற்கும் நடுவில் ஓர் அறை இருந்திருக்காது.

விவரங்களை மின்னஞ்சலில் எழுத வேண்டாம். மாநிலப் பல்கலைக்கழக மின்னஞ்சலைப் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யாரும் கேட்டு வாங்க முடியும். 'சந்திக்க நேரம் வேண்டும்' என்ற ஒரு வரி போதும், அதுவும் உங்கள் சொந்தத் தொலைபேசியிலிருந்து சொன்னால் நல்லது. போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள்: தேதிகள், நடந்தவை, அடுத்த திங்கட்கிழமை என்ன மாறியிருக்க வேண்டும் என்பது. திரும்பும்போது அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். பாதிப் பேர் அதை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். ஒருவர் படியிறங்கிப் பாதி வழியில் நினைவு வந்து ஓடி வந்தபோது, எந்திரம் கடைசி அங்குலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.